வலது கை என்று நான் சொன்னது

என் தங்கை இருபது வருடத்துக்கு மேல் போனிலேயே மோட்டார் பார்த்தாள். கோவையில் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர் குறை கேட்கும் மேசை அவளுடையது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்தோ பவானிப் பக்கத்து வாழைத் தோட்டத்திலிருந்தோ யாராவது கூப்பிட்டு, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்பார்கள். மெக்கானிக்கை அனுப்புவதற்கு முன்னால் அவள் ஒரு வேலை செய்வாள்.

"ஏனுங்க, போனைக் கொண்டுபோய் பைப்புகிட்டப் புடிங்க. பேசாதீங்க. நான் கேட்டுக்கறேன்."

அரை நிமிடம் கேட்பாள். "காத்து இழுக்குதுங்க. தண்ணி கீழ போயிருச்சு. மோட்டார் மேல ஒண்ணும் தப்பில்லீங்க, இன்னும் ரெண்டு பைப்பு எறக்குங்க" என்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். சில தோட்டக்காரர்கள் மோட்டார் நன்றாக ஓடும்போதும் அவளைக் கூப்பிட்டு மகள் கல்யாணம், மழை, பக்கத்துக் காட்டுக்காரனோடு வாய்க்கால் தகராறு எல்லாம் சொல்வார்கள். அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பாள். முகமே பார்க்காத ஆட்களை மாமா, சித்தப்பா என்று கூப்பிட்டுத் திட்டவும் செய்வாள்.

நான் நேர் எதிர். ஒரு நாளிதழின் செய்தி மேசையில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே ஓய்வு பெற்றவன். பெயர், வயது, ஊர், எந்தத் திசையில் வந்த பேருந்து எதன் மீது மோதியது என்பவற்றைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. தப்பாக அச்சாகிவிட்டால் மறுநாள் உள்பக்கத்தில் நான்கு வரியில் திருத்தம் போடுவோம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் வலிப்பு வேலை மேசையில் வந்தது. அவளோடு வேலை செய்யும் பெண் என்னிடம் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன்; பழக்க தோஷம். குறிப்பு இப்படி இருக்கிறது: "பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. இடது கை மேசைமேல் துடித்தது. ஒரு நிமிடத்துக்குள் சரி. 'எனக்கு எல்லாம் காதுல உழுந்துச்சு, பேச்சுத்தான் வரல' என்றாள்." கடைசி வாக்கியத்துக்கு நானே அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. போட்டதோடு சரி.

ஸ்கேனில் கட்டி இருந்தது. மூளையின் வலப்பக்கம், முன்புறம், கொஞ்சம் ஆழத்தில். 

அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னால், குடும்பத்தோடு வாருங்கள், படத்தைக் காட்டி விளக்குகிறோம் என்றார்கள். தங்கை, அவள் கணவர், நான் மூவரும் போனோம். தங்கையின் கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். வெளியாட்களிடம் அதிகம் பேசமாட்டார். 

அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரின் அறைக்குப் போவதற்கு முன், வெளியே பெஞ்சில் இருந்த எங்கள் பக்கத்தில் ஓர் இளம் பெண் மருத்துவர் கையில் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேள்விகள் வரிசையாகப் போயின. மருந்துச் சீட்டுகள் என்னிடம்தான் இருந்தன. தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். அதனால் பெரும்பாலான கேள்விகளுக்கு நானே பதில் சொன்னேன்.

"எந்தக் கைப் பழக்கமுங்க?" என்று கேட்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள். "எழுதறது, சாப்பிடறது எல்லாம் வலது கைதாங்க. ஆனா சின்னதுல..." என்று ஆரம்பித்தாள்.

"வலது கை" என்றேன் நான்.

அந்த இளம் மருத்துவர் விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. வீட்டு விஷயம் வெளியே போகாமல் காப்பாற்றியவனைப் பார்த்துச் சிரிப்பது.

அந்த வீட்டு விஷயம் இதுதான். அவள் பிறவியில் இடது கைக்காரி. பந்தை எடுப்பது, தட்டில் கை வைப்பது, சிலேட்டில் கிறுக்குவது எல்லாம் இடது கையால்தான். அம்மாவுக்கு அது பெரிய கவலை. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பித் தட்டை எந்தக் கையால் நீட்டுவாள், பந்தியில் எந்தக் கையால் சோறு போடுவாள், விளக்கை எந்தக் கையால் ஏற்றுவாள் என்று அவளுக்கு ஐந்து வயது ஆவதற்குள் அம்மா கணக்குப் போட்டுவிட்டாள். "பீச்சாங்கைல பரிமாறுனா எவன் கட்டுவான்?" என்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய இடது கை பாவாடை மடிப்புக்குள் இருக்க வேண்டும். வெளியே வந்தால் ஓர் அடி. அந்த அடி என் பொறுப்பு. எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூட அடிக்கோல் ஒன்று என் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பலமாக அடிக்கவில்லை. ஆனால் தவறவிட்டதில்லை. சரிபார்ப்பது எனக்கு அப்போதே நன்றாக வந்தது.

ஒரு வருடத்தில் அவள் மாறிவிட்டாள். பிறகு யாரும் அதைப் பேசவில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

மருத்துவரின் அறையில் சுவர் நிறைய ஒரு திரை இருந்தது. விளக்கை அணைத்தார்கள். என் தங்கையின் தலை சாம்பல் நிறத்தில் திரையில் வந்தது. மருத்துவர் மவுஸை அசைத்தபோது தலை திரும்பியது. முதலில் தோல் மறைந்தது, பிறகு மண்டையோடு, பிறகு ரத்தக் குழாய்கள் மட்டும் சிவப்பும் நீலமுமாக நின்றன. கட்டி பச்சை நிறம். சிறிய கொய்யாக்காய் அளவு. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான மெல்லிய வண்ண இழைகள். மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் செய்தி போகும் வழிகள் அவை என்றார் மருத்துவர்.

தங்கையின் கணவர் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "சிக்கு உழுந்த நூலாட்ட இருக்குதுங்க."

"சிக்கு எடுக்கறதுக்குத்தான் இந்தப் படமுங்க" என்றார் மருத்துவர். "பழைய காலத்துல தட்டைப் படத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, மனசுலயே கணக்குப் போட்டுப் போவோம். இப்ப முன்னாடியே உள்ள போய்ச் சுத்திப் பாத்துட்டு வந்தரலாம்."

"போர் போடறதுக்குப் பாயின்ட் பாக்கறாப்புலதாங்க?" என்றாள் தங்கை. "எங்காளுங்க கையில தேங்காய வெச்சுட்டு காடு பூரா நடப்பாங்க. தேங்கா நின்னா அங்க தண்ணி. நீங்க பரவால்லீங்க, கம்ப்யூட்டர்ல பாக்கறீங்க."

மருத்துவர் சிரித்துவிட்டார். "தண்ணி வரக்கூடாதுன்னுதானுங்க நான் பாக்கறேன்."

கட்டியை அடைய இரண்டு வழிகளைக் காட்டினார். ஒன்று முன்பக்கமாக வருவது. அது நீளம், ஒரு பெரிய ரத்தக் குழாயை ஒட்டிப் போக வேண்டும். மற்றது பக்கவாட்டில், குட்டை. திரையில் இரண்டையும் மஞ்சள் கோடுகளாகப் போட்டுக் காட்டினார். பக்கவாட்டு வழியில் இடது கைக்குப் போகும் இழைகள் நீல நிறத்தில் இருந்தன. அவற்றுக்கும் கோட்டுக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று கம்ப்யூட்டரே சொன்னது.

"கையத் தொடாமப் போயிருவேன்" என்றார்.

"பேச்சுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று தங்கை கேட்டாள். "எனக்கு வாய்தாங்க பொழப்பு. கை போனாக்கூட போனை ஸ்பீக்கர்ல போட்டுக்குவேன்."

மருத்துவர் மேசைமேல் வைத்திருந்த அதே டேப்லெட்டைப் பார்த்தார். நான் சொன்ன பதில் அதில் இருந்தது. "வலது கைப் பழக்கம் இருக்கறவங்களுக்குப் பேச்சு மூளையோட இடப்பக்கத்துலதாங்க இருக்கும். இது வலப்பக்கம். இடப்பக்கமா இருந்தா உங்கள முழிக்க வெச்சு, பேசச் சொல்லிட்டே ஆபரேஷன் பண்ணுவோம். இங்க அது வேண்டியதில்ல. நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

"செரிங்க" என்றாள்.

என்னிடம் கனமான கண்ணாடி போன்ற ஒரு கருவியைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டியதும் நான் அவளுடைய தலைக்குள் நின்றேன். குழாய்கள் என் தலைக்கு மேலே மரக்கிளைகள்போலப் போயின. மஞ்சள் கோடு போகும் பாதையில் சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக ஓர் இடம் இருந்தது. அங்கே எந்த நிறமும் பூசப்படவில்லை. நான் அதைத் தாண்டிப் பச்சைக் கட்டியைப் பார்த்தேன். எவ்வளவு துல்லியம் என்று நினைத்தேன். இவ்வளவு துல்லியமான ஒன்றில் தப்பு நடக்க வழியில்லை என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரம் நடந்தது. மருத்துவர் வெளியே வந்து, கட்டி முழுவதும் வந்துவிட்டது என்றார். தங்கையின் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அவள் கண் விழித்தாள். இடது கையைத் தூக்கு என்றார்கள், தூக்கினாள். கொஞ்சம் பலம் குறைவு, சரியாகிவிடும் என்றார்கள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார்கள். வாய் திறந்தது. உதடு ஏதோ செய்தது. சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், மறுபடியும் முயன்றாள். பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வீக்கம் இருக்கும், இரண்டு நாள் பார்ப்போம் என்றார்கள்.

நான்காம் நாள் அவளுக்கு ஒரு சொல் வந்தது. தண்ணீர் கொடுத்த நர்ஸைப் பார்த்து, "செரிங்க" என்றாள். தெளிவாக, அவளுடைய போன் குரலில். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தோம். 

அடுத்த சொல் வரவில்லை. வலிக்கிறதா, செரிங்க. இட்லி வேண்டுமா, செரிங்க. வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே செரிங்க. கோபத்திலும் அதே சொல்தான். ஒரு முறை தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினாள். கத்தியது அந்த ஒரு சொல்லைத்தான். பேனாவைக் கொடுத்துப் பார்த்தோம். கோடு கோடாக இழுத்தாள். அதைத் தானே பார்த்துவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள்.

பத்தாம் நாள் மருத்துவர் என்னை மட்டும் அழைத்தார். தங்கையின் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். திரையில் புதிய படம். பச்சைக் கட்டி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வெற்றிடம். நீல இழைகள் அப்படியே இருந்தன, ஒன்றுகூட அறுபடவில்லை. படத்தின்படி எல்லாம் திட்டமிட்டபடியே நடந்திருந்தது.

"ஒண்ணு கேக்கணுமுங்க" என்றார். "அவங்க சின்ன வயசுல இடது கைப் பழக்கமா இருந்தாங்களா?"

இருந்தாள் என்றேன்.

அவர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு, இடது கைப் பழக்கம் உள்ளவர்களில் சிலருக்குப் பேச்சு வலப்பக்கம் இருக்கும், கையை மாற்றினாலும் அது மாறாது என்றார். தெரிந்திருந்தால் ஸ்கேன் எந்திரத்துக்குள்ளேயே படங்களைக் காட்டி, பெயர் சொல்லச் சொல்லி, பேச்சு எந்தப் பக்கம் என்று பார்த்திருப்பார்கள். அந்த நிறமில்லாத இடத்துக்கும் ஒரு நிறம் கிடைத்திருக்கும். முன்பக்க வழியில் போயிருப்பார், அல்லது அவளை விழிக்கவைத்துப் பேசவைத்திருப்பார்.

"அப்படிச் செஞ்சிருந்தா பேச்சு கண்டிப்பா இருந்திருக்குமான்னு கேட்டீங்கன்னா, எனக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்றார். "வலிப்புல இடது கை துடிச்சப்பவே பேச்சும் நின்னுச்சுன்னு எழுதியிருக்குது. அத நானும் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கணும்."

தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டார். கோபப்பட எனக்கு அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கட்டியின் ஆய்வு முடிவையும் அன்றே சொன்னார். அது மறுபடி வரும் வகை. எப்போது என்று சொல்ல முடியாது. சில வருடங்கள் இருக்கலாம். அந்தச் சில வருடங்களையும் அவள் ஒரு சொல்லோடு கழிக்க வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் கணவரிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை வாசலில் நிறுத்தி, கேள்வி, பதில், அடிக்கோல் எல்லாவற்றையும் செய்தி சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். 

அவர் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்குத் தெரியுமுங்க மச்சான்" என்றார். "காய் அரியறது பூரா பீச்சாங்கைலதான். ஆளு வந்தா கத்தி கை மாறிரும். கல்யாணமான மொத வாரமே பாத்துப்போட்டேன். நான் பாத்தது அவளுக்குத் தெரியாது."

"அன்னைக்கு நீங்க சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை."

"எப்படிங்க சொல்றது? பொண்டாட்டி பீச்சாங்கைக்காரின்னு ஆஸ்பத்திரில எவனாவது எழுதிக் குடுப்பானுங்களா? எங்கிட்டக் கேட்டிருந்தாலும் நானும் சோத்தாங்கைன்னுதான் சொல்லியிருப்பேன்." வண்டியைக் கிளப்பிவிட்டு, பிறகு நிறுத்தினார். "அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. எனக்குத் தெரியும்னு."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் பதில் தெரிந்திருந்தது. 

இப்போது பகலில் நான்தான் அவளோடு இருக்கிறேன். கம்பெனி அவளுடைய மேசைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டது. ஆனால் சில தோட்டக்காரர்களிடம் அவளுடைய சொந்த எண் இருக்கிறது. போன மாதம் ஒருவர் கூப்பிட்டார். அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் அவர் பாதி சொல்லி முடித்திருந்தார்.

"...ரெண்டு நாளா ஒரு மாதிரி உறுமுதுங்க அம்மணி. இருங்க, பைப்புகிட்டப் புடிக்கறேன், நீங்களே கேளுங்க."

மோட்டார் சத்தம் வந்தது. அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டாள். நான் பல வருடம் பார்த்த முகம் அது. கண்ணைத் திறந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வாய் திறந்தது. இடது கை காற்றில் வேண்டாம், வேண்டாம் என்று வேகமாக வீசியது.

"செரிங்க" என்றாள்.

"செரியாத்தான் ஓடுதுங்களா? அப்ப ஒண்ணும் பயமில்ல. இன்னைக்குப் பூரா ஓட்டியுடறேன். நல்லா இருங்க அம்மணி" என்று வைத்துவிட்டார்.

அவள் போனை என் கையில் திணித்தாள். திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது; தோட்டத்துக்குள் போயிருப்பார். பிறகு அவள் படுத்துவிட்டாள். அந்த மோட்டார் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. அந்த எண்ணிலிருந்து மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்று நீ சொல்ல வந்ததை நான் நிறுத்தினேன், அதனால்தான் அந்த வழியாகப் போனார்கள் என்றேன். மற்றவர்கள் பேசுவது அவளுக்குப் புரியும் என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டாள். கடைசிவரை கேட்டாள்.

"செரிங்க" என்றாள்.

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அவளிடம் இருப்பது அந்த ஒரு சொல். இன்னொன்றையும் கவனித்தேன். என்னிடம் அவள் எதற்கும் "செரிங்ணா" என்று அண்ணாவைச் சேர்த்துத்தான் சொல்வாள், நாற்பது வருடத்துக்கு மேலாக. இது "செரிங்க". முகம் தெரியாத வாடிக்கையாளருக்குச் சொல்வது.

இடது கை இன்னும் முழுப் பலத்துக்கு வரவில்லை. பயிற்சி கொடுக்க வருகிறவர், தினமும் ஒரு வேளையாவது அந்தக் கையால் சாப்பிட வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நேற்று மத்தியானம் தட்டில் ரசம் சோறு போட்டு, கரண்டியை எடுத்து, அவளுடைய இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடிக்கவைத்தேன். "இந்தக் கைலயே சாப்புடு கண்ணு" என்றேன். "யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவள் கரண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள், தட்டுக்குப் பக்கத்தில் என் கை இருந்த இடத்தை. கரண்டி தட்டில் விழுந்தது. இடது கை மெதுவாகப் பின்வாங்கி நைட்டியின் மடிப்புக்குள் போனது. வலது கையைத் தட்டில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.